கூலியெழுத்தின் ஆற்றுப்படை நூல்கள்

எழுத்தினாற் பெறப்படும் ஊதியம் பற்றிய பேச்சு இலக்கிய விமர்சனத்தில் நீண்டகாலமாகவே நாகரிகக் குறைவான ஒன்றாகக் கருதப்பட்டு வந்துள்ளது. கவிஞனின் வறுமையைப் பாடலாம். அவ்வறுமையின் கணக்கைப் பேசலாகாது என்பது எழுதப்படாத விதி போலும். நாவலொன்றின் பாத்திர வார்ப்புப் பற்றியும் நடை பற்றியும் பக்கம் பக்கமாக ஆராயும் விமர்சகர், அந்நாவலின் பதிப்புரிமை என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்பது அரிது. இந்த மௌனத்துக்கு நேர்மாறான நூல்வகை ஒன்று கடந்த நாற்பது ஆண்டுகளாக ஆங்கிலத்தில், சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவில், பல்கிப் பெருகியுள்ளது. எந்த நிறுவனத்திலும் நிரந்தரப் பதவி வகியாத சுயாதீன எழுத்தாளன் ஒருவன், வணிக நிறுவனங்களுக்கு எழுதிக்கொடுத்து எவ்வாறு வளமாக வாழலாம் என்று கற்பிக்கும் தொழில் அறிவுரை நூல்களே அவை. இலக்கிய மாணவர் இவற்றைப் படிப்பதில்லை. படித்தாலும் மறைத்துவைத்தே படிப்பர். ஆயினும் இணையத்துக்கு எழுதிப் பிழைக்க முனையும் ஓர் இளைஞன் முதலிற் கையிலெடுப்பது அரிஸ்டோட்டிலின் கவிதையியலை அன்று, இவற்றுள் ஒன்றையே. அதனாலேயே இவை விமர்சன நோக்குக்கு உட்படுத்தப்பட வேண்டியவையாகின்றன.

இந்நூல்கள் எத்தொழிலுக்கு வழிகாட்டுகின்றன என்பதை முதலில் தெளிவுபடுத்துதல் அவசியம். இன்று 'உள்ளடக்கச் சந்தைப்படுத்தல்' என்று அழைக்கப்படும் முறை இணையத்தோடு பிறந்ததன்று. அமெரிக்காவின் ஜோன் டியர் நிறுவனம் கலப்பை விற்ற நிறுவனம். அது 1895ஆம் ஆண்டில், 'உழுசால்' எனப் பொருள்படும் பெயரில் ஒரு விவசாயச் சஞ்சிகையைத் தொடங்கியது. மண் வளம், பயிர்ச் செய்கை முதலான விடயங்களையே அது விவசாயிகளுக்குச் சொல்லியது. பிரான்சில் டயர் உற்பத்தி செய்த மிச்செலின் சகோதரர்கள் 1900இல் வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டு, மோட்டார் வண்டி வைத்திருந்தோர்க்கு இலவசமாகக் கொடுத்தனர். எங்கே உண்ணலாம், எங்கே தங்கலாம், எங்கே வண்டியைப் பழுதுபார்க்கலாம் என்பன அதில் இருந்தன. மக்கள் தொலைதூரம் பயணம் செய்தால் டயர் தேயும். தேய்ந்தால் புதிய டயர் விற்கும் என்பதே அந்நூலின் உட்கிடை. 1920இலேயே அதற்கு விலை வைக்கப்பட்டது. 1930களில் அமெரிக்க வானொலியிற் சவர்க்கார நிறுவனங்கள் தொடர் நாடகங்களுக்குப் பணம் கொடுத்ததும் இவ்வழிப்பட்டதே.

இம்முறையில் எழுத்துக்கு விலை கொடுப்பவன் ஒருவன்; அதனை வாசிப்பவன் வேறொருவன் என்பது மனங்கொள்ளத்தக்கது. புத்தகத்தை விலைக்கு வாங்கும் வாசகன், அது பிடிக்காவிடின் அடுத்த நூலை வாங்காது விடலாம். இலவசமாக வரும் எழுத்தின் வாசகனுக்கோ அவ்வுரிமையின் பெறுமதி மிகக் குறைவு. அவனே அங்கு விற்கப்படும் பொருள். இதனைக் கொண்டு இவ்வகை எழுத்து முழுவதும் மோசடி எனத் தீர்ப்பளித்தல் அவசரமாகும். உழுசாலைப் படித்த விவசாயி பயனடையவே செய்தான். தூண்டிலில் மாட்டிய புழுவும் மீனுக்கு உணவுதான். ஆயின் அதனை மாட்டியவனின் நோக்கம் மீனின் பசி தீர்ப்பதன்று.

'உள்ளடக்கம்' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியையும் இவ்விடத்துக் குறிப்பிடுதல் பொருந்தும். 1996 சனவரியில் மைக்குரோசொப்ற் நிறுவனத் தலைவர் பில் கேற்ஸ், உள்ளடக்கமே இணையத்தின் அரசன் என்ற கருத்தைத் தலைப்பாகக் கொண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றிற் போலவே இணையத்திலும் உண்மையான வருமானம் உள்ளடக்கத்திலிருந்தே வரும் என்பது அவர் எதிர்கூறல். உள்ளடக்கத்தை ஆக்குவோர்க்கு அவர்தம் உழைப்புக்கு ஊதியம் கிடைத்தாலன்றி இணையம் தழைக்காது என்றும் அவர் அதே கட்டுரையிற் கூறியிருந்தார். அரசன் என்ற முதற்பாதி உலகெங்கும் முழங்கியது. ஊதியம் என்ற பிற்பாதி எடுத்தாளப்படுவது அரிது. ஈழத்து விமர்சன உலகில் 1960களிலும் 1970களிலும் உருவமா உள்ளடக்கமா என்று நடந்த நெடிய வாதத்தில், உள்ளடக்கம் என்பது ஒரு படைப்பு எதைச் சொல்கின்றது, யார் பக்கம் நின்று சொல்கின்றது என்பதைக் குறித்தது. இன்றைய வணிக வழக்கில் அதே சொல், எதைச் சொன்னாலும் சரி, இடத்தை நிரப்பினாற் போதும் என்ற நிலையைக் குறிக்கின்றது. கட்டுரை, கதை, கடிதம் என்ற வேறுபாடெல்லாம் அழிந்து, பெட்டிக்குள் இட்டு நிரப்பும் சரக்குக்கு இட்ட பொதுப்பெயராக அது ஆகிவிட்டது. சரக்குக்கு ஆசிரியன் தேவையில்லை. அனுப்புவோனும் பெறுவோனும் போதும்.

இனி நூல்களுக்கு வருவோம். இவற்றின் அமைப்பைக் கூர்ந்து நோக்குவார்க்குச் சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படை நினைவுக்கு வராமற் போகாது. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் அவ்வகையின. அவற்றுள் முருகனிடம் ஆற்றுப்படுத்தும் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும் கலைஞரைப் புரவலரிடம் ஆற்றுப்படுத்துவன. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட வறிய கலைஞனுக்குத் தான் பெற்ற வளத்தைக் கூறி, வள்ளலிருக்கும் இடத்துக்கு வழி சொல்கின்றான். முதலில் அவன் முன்னிருந்த வறுமை, பின்னர் வழி, பின்னர் வள்ளலின் கொடை. சிறுபாணாற்றுப்படையில் அவ்வறுமை அடுக்களையில் ஈன்று கிடக்கும் நாயாகவும், உப்பின்றி வெந்த கீரையாகவும், அதனைப் பிறர் காணாதபடி வாயிலை அடைத்து உண்ணும் நாணமாகவும் காட்சி தருகின்றது. அமெரிக்க அறிவுரை நூல்களும் பெரும்பாலும் இம்மூன்று படிகளிலேயே நடக்கின்றன. ஆசிரியர் முன்னொரு காலத்தில் விருப்பமில்லாத வேலையிற் கிடந்து உழன்றார், ஒருநாள் துணிந்து வெளியேறினார், இன்ன வழியாற் சென்று இன்ன நிறுவனங்களின் பணியைப் பெற்றார், இன்று இவ்வளவு உழைக்கின்றார், நீயும் செல்க.

ஒற்றுமை இவ்வளவே. வேறுபாடோ அடிப்படையானது. மீண்டு வந்த பாணன் வழி சொல்வதற்கு எதிர்வந்த பாணனிடம் எதையும் வாங்கவில்லை. அவன் பெற்றதெல்லாம் வள்ளலிடம் பெற்றது. புதிய ஆற்றுப்படையிலோ வழிசொல்லி தன் வருமானத்தின் ஒரு பகுதியை வழிகேட்போரிடமிருந்தே பெறுகின்றான். வள்ளல் உண்மையிலேயே கொடுக்கின்றானா, எத்தனை பேருக்குக் கொடுக்கின்றான் என்பன அவனுக்கு இரண்டாம்பட்சமாகி விடுகின்றன. வழியில் நடப்போர் தொகை குறையாதிருப்பதே அவனுக்கு முக்கியம்.

இதற்கு இரு நூல்களை எடுத்துக்கொள்ளலாம். ரொபேட் பிளை எழுதிய சுயாதீன எழுத்தாளனின் இரகசியங்கள் பற்றிய நூல் 1988இல் வெளிவந்தது. ஆண்டுக்கு 85,000 டொலர் உழைப்பது எப்படி என்பது அதன் துணைத்தலைப்பு. இணையம் பொதுமக்கள் கைக்கு வருவதற்கு முந்திய நூல் அது. நிறுவனங்களின் விற்பனைப் பிரசுரங்கள், விளம்பரக் கடிதங்கள், ஆண்டறிக்கைகள் முதலியவற்றை எழுதுவதே அன்று கூலியெழுத்தின் பெரும் வாய்ப்பாக இருந்தது. எழுத்தாளன் தன்னை ஒரு தொழில்முனைவோனாகக் கருத வேண்டும், விலை பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்நூல் வற்புறுத்தியது. இதில் ஒரு துணிச்சல் உண்டு. கலைக்காகக் கலை என்ற போர்வையிற் பத்திரிகை முதலாளிகள் எழுத்தாளரை அற்பக் கூலிக்கு வேலை வாங்கிய வழக்கத்தை நேருக்கு நேர் மறுத்த துணிச்சல் அது. எழுத்தும் உழைப்பே; உழைப்புக்கு விலை உண்டு என்ற எளிய உண்மையை, முற்போக்கு விமர்சகர் பலர் கோட்பாடாகச் சொன்னதை, பிளை கணக்காகச் சொன்னார். அதற்குரிய மதிப்பை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயின் துணைத்தலைப்பின் கதையைச் சற்றுத் தொடர்ந்து நோக்குதல் வேண்டும். 2006இல் வந்த பதிப்பில் அத்தொகை ஆண்டுக்கு 100,000 டொலர் அல்லது அதற்கு மேல் என உயர்ந்தது. உயர்வு என்று தோன்றுகின்றது. அமெரிக்க அரசின் நுகர்வோர் விலைச் சுட்டெண்ணைக் கொண்டு கணக்கிட்டால், 1988இன் 85,000 டொலருக்கு 2006இல் ஏறத்தாழ 145,000 டொலர் நிகராகும். வேறுவிதமாகக் கூறின், பதினெட்டு ஆண்டுகளில் அட்டையில் இருந்த வாக்குறுதியின் உண்மைப் பெறுமதி மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வீழ்ந்துள்ளது. 'அல்லது அதற்கு மேல்' என்ற தொடர் அவ்வீழ்ச்சியின் மேற் போர்த்திய துணி. தொகை முழு எண்ணாக இருந்தால் அது கண்ணைக் கவரும் என்பது விளம்பர எழுத்தின் பாலபாடம். அப்பாடத்தை அறிந்தவரே அதனைக் கையாண்டுள்ளார். எழுத்தாளரின் ஊதியம் பற்றிய நூலொன்று தன்னையறியாமலே அவ்வூதியத்தின் வரலாற்றைத் தன் அட்டையில் எழுதிவைத்திருப்பது சுவையான செய்தியே.

மற்றது பீற்றர் போவர்மன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல். 'வயிறார உண்ட எழுத்தாளன்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். பட்டினி கிடக்கும் எழுத்தாளன் என்ற பழைய படிமத்தைத் தலைகீழாக்கும் தலைப்பு. ஆறு மாதத்தில் அல்லது அதற்கும் குறைந்த காலத்தில் தன்காலில் நிற்கலாம் என்பது அதன் வாக்குறுதி. நூலாசிரியர் எழுத்துலகிலிருந்து விற்பனைக்கு வந்தவரல்லர். விற்பனைத் துறையிலிருந்து எழுத்துக்கு வந்தவர். நூலின் பலமும் பலவீனமும் இதிலிருந்தே பிறக்கின்றன. முன்பின் அறியாத நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்துப் பணி கேட்பதற்கான மனத்தயாரிப்பை அவர் அச்சமின்றியும் நகைச்சுவையோடும் விளக்குகின்றார். நாணத்தால் வாயடைத்துப்போகும் இளம் எழுத்தாளனுக்கு அப்பக்கங்கள் பயன்படும் என்பதில் ஐயமில்லை. நூலை ஆசிரியர் தாமே பதிப்பித்தார். அது வெற்றி பெற்றது. அதன்பின் அவர் எழுதிய நூல்களுள் ஒன்று, தன் நூலைத் தானே பதிப்பித்து வயிறார உண்பது எப்படி என்பது பற்றியதாகும். வழியின் திசை இங்கு வெளிப்படையாகின்றது. வணிக நிறுவனத்துக்கு எழுதுவதைக் கற்பித்த நூலின் வெற்றி, அத்தகைய நூலை வெளியிடக் கற்பிக்கும் நூலுக்கு முதலாயிற்று.

இந்நிலையை நூற்றாண்டுக்கு முன்னரே ஒரு நாவலாசிரியர் கண்டுகொண்டார் என்பது வியப்புக்குரியது. ஜோர்ஜ் கிசிங் 1891இல் வெளியிட்ட 'புதிய கிரப் வீதி' என்ற நாவல், இலண்டன் மாநகரில் எழுதிப் பிழைத்தோரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. கிரப் வீதி என்பது கூலியெழுத்தாளர் வாழ்ந்த உண்மையான தெரு. ஜோன்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியில் அதற்குப் பொருள் எழுதுகையில், அங்கு வாழ்ந்தோருள் அகராதி எழுதுவோரையும் சேர்த்துத் தம்மைத் தாமே எள்ளிக்கொண்டார். 1830இல் அத்தெருவுக்கு மில்ற்றன் வீதி எனப் பெயர் மாற்றினர். தெருவின் பெயர் மாறியதே தவிரத் தொழிலின் பெயர் மாறவில்லை. கிசிங்கின் நாவலை விமர்சகர் வழக்கமாக இரு பாத்திரங்களின் முரணாகவே காண்பர். கலை நேர்மை கொண்டு தோற்று மடியும் றியர்டன் ஒருவன். எழுத்தை வெறும் வியாபாரமாகக் கொண்டு வெல்லும் மில்வெயின் மற்றவன். றியர்டனின் விதவையை மில்வெயின் மணம் செய்வதோடு நாவல் முடிகின்றது. இம்முரண் அழுத்தமானதே. ஆயின் இன்றைய நிலையில் வைத்து நோக்குமிடத்து, இருவரினும் முக்கியமானவனாகத் தோன்றுபவன் நகைச்சுவைக்காகச் சேர்க்கப்பட்டவன் போல வந்துபோகும் வெல்ப்டேல் என்பவனே.

வெல்ப்டேலின் நாவல்களை வெளியிடப் பதிப்பாளர் இல்லை. அமெரிக்காவில் அலைந்து திரிந்து, வேர்க்கடலையைத் தின்று சில நாள் உயிர் பிழைத்த கதை அவனிடம் உண்டு. அது கிசிங்கின் சொந்த அனுபவம். தன் நாவல் விலைபோகாது என்று கண்டதும் அவன் இலக்கிய ஆலோசகனாக மாறுகின்றான். புதிய எழுத்தாளரின் கைப்பிரதிகளைக் கட்டணம் பெற்றுப் படித்துத் திருத்துகின்றான். நாவல் எழுதுவதைப் பத்துப் பாடங்களிற் கற்பிக்கும் நூலொன்றையும் திட்டமிடுகின்றான். நாவல் எழுதி விற்க முடியாதவன் நாவல் எழுதக் கற்பித்து வாழ்கின்றான் என்ற முரண் கண்டு ஏனைய பாத்திரங்கள் சிரிக்கின்றன. வெல்ப்டேல் சிரிப்பைப் பொருட்படுத்துவதில்லை. பின்னர் அவன் வகுக்கும் திட்டம் இன்னும் கூர்மையானது. அரைகுறைக் கல்வியிலும் பாதியே பெற்ற, புகைவண்டியிலும் பேருந்திலும் பொழுதைப் போக்க வேண்டிய பெருந்திரள் ஒன்று உருவாகியுள்ளது. அவர்களுக்காக ஒரு பத்திரிகை வேண்டும். அதில் எக்கட்டுரையும் இரண்டு அங்குல நீளத்துக்கு மேற்படலாகாது. ஒவ்வோர் அங்குலமும் இரு பந்திகளாகவேனும் உடைக்கப்பட வேண்டும். இன்று இணைய எழுத்துக்கு விதிக்கப்படும் குறும்பந்தி விதிகளைக் கற்றோர்க்கு இதனைப் படிக்கையிற் சிரிப்பு வராது. கிசிங் வானத்திலிருந்து தீர்க்கதரிசனம் பெற்றவரல்லர். 1881இல் ஜோர்ஜ் நியூன்ஸ் தொடங்கிய துணுக்குப் பத்திரிகை அவர் கண்முன்னே இலட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தது. அவர் கண்டதெல்லாம் சந்தை விரியும்போது எழுத்து துண்டாகும் என்பதும், எழுத்து துண்டாகும்போது எழுதக் கற்பிப்பவனின் தொழில் தனித்துச் செழிக்கும் என்பதுமே. இத்தனையையும் எழுதிய நாவலின் பதிப்புரிமையைக் கிசிங் 150 பவுணுக்கு விற்றுவிட்டார்.

கிசிங் வெல்ப்டேலைக் கொடியவனாகப் படைக்கவில்லை என்பதும் அவதானிக்கத்தக்கது. அவன் நல்லவன், நண்பர்க்கு உதவுபவன். அறிவுரை நூலாசிரியர் பலரும் அவ்வாறே தம் நூலை உண்மையாகவே நம்புபவராயிருக்கலாம். குறை தனிமனிதரிடத்தில் அன்று, அறிவுரையின் தர்க்கத்திலேயே உள்ளது. தனித்துறை ஒன்றைத் தேர்ந்துகொள். மலிவு விலை வாடிக்கையாளரைக் கைவிடு. ஆண்டுதோறும் விலையை உயர்த்து. உன்னைத் தேடிவரும்படி உன்னைப் பற்றியே எழுது. இவை ஒவ்வொன்றும் ஒருவனுக்குச் சரியானவை. விடிய விடியக் கூத்துப் பார்க்கும் கூட்டத்தில் ஒருவன் எழுந்து நின்றால் அவனுக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் எழுந்து நின்றாற் கால் கடுப்பதைத் தவிர வேறு மாற்றம் இராது. ஒரே நூலை ஆயிரக்கணக்கானோர் வாங்கிப் படிக்கும்போது, அந்நூலின் அறிவுரை எவருக்கு வழங்கப்பட்டதோ அவன் இல்லாது போகின்றான். தோற்றவனுக்கோ நூலைக் குறைகூறவும் வழியில்லை. அவன் போதிய அழைப்புகளை எடுக்கவில்லை, தன் மனப்பாங்கை மாற்றவில்லை என்ற விடை நூலுக்குள்ளேயே முன்கூட்டி எழுதப்பட்டுள்ளது. கூலி பற்றிய வினா குணம் பற்றிய வினாவாக மாற்றப்படும் இடம் இதுவே. இந்நூல்வகையின் ஆகப்பெரிய பிழையும் இதுவே.

இவ்வகைக்குள் ஆன் ஹான்ட்லி 2014இல் எழுதிய 'எல்லோரும் எழுதுகின்றனர்' என்ற நூல் ஓரளவு விலகி நிற்கின்றது. பயன், ஊக்கம், வாசகனோடு ஒன்றும் மனம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவதே தரமான எழுத்து என்கிறார் அவர். கூட்டவில்லை, பெருக்குகின்றார், ஒன்று பூச்சியமானால் எல்லாம் பூச்சியம். வாசகன் மனிதனாகத் தோன்றும் நூல் அது. ஆயினும் எல்லோரும் எழுதுகின்றனர் என்ற அதே தலைப்பு, எழுதுவதற்கென்று ஒருவருக்குத் தனியாகச் சம்பளம் எதற்கு என்ற கேள்வியையும் மேலாளர் மனத்தில் எழுப்பக்கூடும் அல்லவா?

அறிவுரை நூல்கள் சொல்லாத வரலாறு ஒன்று உண்டு. 2006இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட டிமாண்ட் மீடியா என்ற நிறுவனம், மக்கள் தேடுபொறியில் எவற்றைத் தேடுகின்றனர், அச்சொற்களுக்கு விளம்பரதாரர் என்ன விலை கொடுப்பர் என்பவற்றைக் கணினியாற் கணக்கிட்டுத் தலைப்புகளை உற்பத்தி செய்தது. சுயாதீன எழுத்தாளர் அப்பட்டியலிலிருந்து தலைப்பை எடுத்துக் கட்டுரை எழுதிக்கொடுத்தனர். கட்டுரை ஒன்றுக்குப் பெரும்பாலும் 15 டொலர் அளவிலேயே கூலி. ஆசிரியன் பொருளைத் தெரிவு செய்தல் என்ற எழுத்தின் முதற் செயலே இங்கு அவன் கையை விட்டுப் போய்விட்டது. 2011 சனவரியில் அந்நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு நியூயோர்க் ரைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பையும் விஞ்சியதெனக் கணிக்கப்பட்டது. அடுத்த மாதமே கூகிள் நிறுவனம் தன் தேடுபொறியின் தரவரிசை முறையை மாற்றியது. 'பாண்டா' என்பது அம்மாற்றத்தின் பெயர். தரங்குறைந்த கட்டுரைத் தொகுதிகளைப் பின்தள்ளுவது நோக்கம், நோக்கம் நியாயமானதே. டிமாண்ட் மீடியா படிப்படியாகச் சரிந்து, 2017இல் வேறு பெயர் பூண்டது. அதற்கு எழுதியோருள் நன்றாக எழுதியவனும் இருந்தான், அரைமனத்தோடு எழுதியவனும் இருந்தான். இருவருக்கும் ஒரே மாதத்தில் ஒரே காற்று அடித்தது. எந்த மனப்பாங்கு மாற்றமும் அதைத் தடுத்திருக்க முடியாது.

பணியையும் எழுத்தாளனையும் இணைக்கும் சந்தைத் தளங்களின் செயலும் இத்தகையதே. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டும் ஒன்றிணைந்து 2015இல் அப்வேர்க் என்ற பெயரைப் பெற்றன. 2016இல் அது ஒரு வாடிக்கையாளரிடமிருந்து பெறும் முதல் 500 டொலரில் 20 வீதத்தைத் தரகாக எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது; தொகை கூடக்கூட வீதம் குறைந்தது. மிகச் சிறிய வேலையைச் செய்பவனிடமே மிகக் கூடிய தரகு என்பது இதன் பொருள். 2019இல் வேலைக்கு விண்ணப்பிப்பதற்கான சீட்டுகளையும், ஒன்று 15 சதப்படி, விலைக்கு விற்கத் தொடங்கியது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கேட்பதற்கே கட்டணம். 2023இல் தரகு எல்லோர்க்கும் 10 வீதமாக்கப்பட்டது. இம்மாற்றங்கள் எதிலும் எழுத்தாளரின் சம்மதம் கேட்கப்படவில்லை. ஒப்பந்தம் எழுது, முற்பணம் வாங்கு, தாமதக் கட்டணம் விதி என்ற அறிவுரைகள் நல்லவை. ஒப்பந்தத்தை மறுபக்கத்தான் மட்டுமே எழுதும் இடத்தில் அவை செயலற்றுப் போகின்றன. இதற்கு மாறாக, நியூயோர்க் நகரில் சுயாதீனத் தொழிலாளர் அமைப்பாகத் திரண்டு போராடியதன் விளைவாக 2017 மே மாதத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 800 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட பணிக்கு எழுத்துமூல ஒப்பந்தம் கட்டாயம். ஒப்பந்தத்தில் வேறு திகதி குறிக்கப்படாவிடின் பணி முடிந்து 30 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். நூல்கள் தனிமனிதனின் துணிவிடம் விட்டதைச் சட்டம் எல்லோர்க்கும் உரியதாக்கியது.

பணம் மட்டுமே இங்குள்ள பிரச்சினை எனக் கொள்வதும் போதாது. அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்ற பெருஞ்சித்திரனாருக்கு, மன்னன் நேரிற் காணாமலே பரிசில் அனுப்பினான். தம்மைக் காணாது கொடுத்த பொருளை ஏற்பதற்குத் தாம் வாணிகர் போன்ற பரிசிலர் அல்லர் என்றும், தகுதியறிந்து தருவதாயின் தினையளவும் தமக்கு இனிது என்றும் கூறிப் புலவர் அதனை மறுத்ததைப் புறநானூற்றின் 208ஆம் பாட்டுத் தெரிவிக்கின்றது. பாணர், புலவர் நிலையைக் கைலாசபதி அவர்கள் 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய ஆய்வு நூலுக்குப் பின், அக்கால இரவலர் வாழ்வைப் பொற்காலமாகக் காணும் மயக்கம் எவர்க்கும் இராது. கொடுப்போன் முகம்பார்த்துக் காத்திருக்கும் வாழ்வு அடிமை வாழ்வே. ஆயினும் பெருஞ்சித்திரனாருக்கு மறுப்பதற்கு ஓர் இடம் இருந்தது. அவரைக் காணாதவன் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இணையத்துக்கு எழுதுவோனுடைய கட்டுரை பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரிலேயே வெளிவருகின்றது. அவன் யாருக்கு எழுதுகின்றான் என்பது சிலவேளை அவனுக்கே தெரியாது. காணாமற் கொடுத்தல் அங்கு விதிவிலக்கன்று, தொழிலின் பொதுவிதி. அறிவுரை நூல்கள் இதனை ஒரு நட்டமாகக் கணக்கிடுவதில்லை. பெயரில்லா எழுத்துக்குக் கூடுதல் விலை கேள் என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றன.

கிசிங்கின் நாவலில் மேரியன் யூல் என்ற பெண், தந்தையின் பெயரில் வெளிவரும் கட்டுரைகளுக்குப் பிரித்தானிய நூதனசாலை வாசிப்புக் கூடத்திலிருந்து நாள் முழுதும் தகவல் திரட்டுகின்றாள். ஒருநாள் பத்திரிகையில் 'இலக்கிய இயந்திரம்' என்ற விளம்பரத் தலைப்பைக் காண்கின்றாள். தன்னைப் போன்ற பேதைகளுக்குப் பதிலாகப் புத்தகமும் கட்டுரையும் ஆக்கித்தரும் பொறி ஒன்றை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒருகணம் எண்ணி ஆறுதலடைகின்றாள். அது புத்தகங்களைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம் ஒன்றுக்கான விளம்பரம் மட்டுமே. 2022 நவம்பரில் சற்ஜிபிரி பொதுப் பாவனைக்கு வந்ததோடு மேரியனின் பொறி உண்மையிலேயே வந்துவிட்டது. அது தந்தது ஆறுதலன்று. அதே மாதத்திலேயே சீநெற் என்ற அமெரிக்கச் செய்தித்தளம் நிதி பற்றிய விளக்கக் கட்டுரைகளை இயந்திரத்தைக் கொண்டு ஆக்கத் தொடங்கியிருந்தது. 2023 சனவரியில் இது வெளிப்பட்டபின் 77 கட்டுரைகளை மீளாய்வு செய்து 41இல் திருத்தம் செய்தது. பிழை கண்டு மகிழ்வோர்க்கு இது போதும். எழுதிப் பிழைப்போர்க்குப் போதாது. பிழைகள் காலப்போக்கிற் குறையக்கூடும்.

அப்வேர்க் தளத்தில் எழுத்துப் பணி செய்தோரை வைத்து 2023இல் மூன்று பொருளியல் ஆய்வாளர் நடத்திய ஆய்வொன்று, புதிய கருவியின் வருகைக்குப் பின் அவர்களது மாதாந்தப் பணிகள் ஏறத்தாழ 2 வீதமும் வருமானம் ஏறத்தாழ 5 வீதமும் குறைந்ததாகக் கண்டது. எண்கள் சிறியன, காலமும் குறுகியது. ஆயின் அவ்வாய்வின் மற்றொரு முடிவே கவனத்துக்குரியது. முன்னர் உயர்தரப் பணி செய்து நற்பெயர் ஈட்டியவர்க்கும் அப்பெயர் பாதுகாப்பளிக்கவில்லை. தரத்தை உயர்த்து, விலை தானே உயரும் என்ற அறிவுரையின் அத்திவாரத்தையே இது தொடுகின்றது.

அதே ஆண்டில் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி எழுத்தாளர் சங்கத்தினர் மே மாதம் தொடங்கி 148 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். இயந்திரம் எழுதியதை எழுத்தாளனின் ஆக்கமாகக் கணக்கிட்டு அவனது ஊதியத்தையும் உரிமையையும் குறைக்கலாகாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதுவித்தபின்பே அவர்கள் பணிக்குத் திரும்பினர். அவர்களுக்கு எதிரே அமர்ந்து பேசத் தயாரிப்பாளர் கூட்டமைப்பு ஒன்று இருந்தது. அறிவுரை நூல்களோ தம் வாசகனைத் தனி ஒருவனாகவே அழைத்துப் பேசிப் பழகியவை. சக எழுத்தாளன் அவற்றின் பக்கங்களிற் பெரும்பாலும் போட்டியாளனாகவே வருகின்றான். அவனோடு கூடி ஒரு விலையைத் தீர்மானிக்கலாம் என்ற அத்தியாயம் பிளையிடமும் இல்லை, போவர்மனிடமும் இல்லை.